மூன்றாவது பிளேன்

"ரெண்டு ரிமோட் பிளேனையும் சுக்குநூறாக்கிட்டு மூணாவது கேக்குறீங்களே சார்! புதுசா பழகுறவங்களுக்குக் கார்தான் லாயக்கு," என்றார் பொம்மைக்கடைக்காரர். மாலை விமானத்தில் மகளைப் பார்க்கப் போகும் அவசரம் அவருக்கு.

"எனக்குப் பறக்குறதுதான் வேணும்," என்று அடம்பிடித்தார் வாடிக்கையாளர்.

"திருப்புறப்பவெல்லாம் தலைகுப்புற விழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பிளேன் உங்க கைக்கு வரவே வராது சார்!"

ஒருவழியாக ஒரு காரை அவர் தலையில் கட்டிவிட்டுக் கடையைப் பூட்டினார்.

மாலையில் விமானத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் சட்டென்று அதைக் கழற்றப் போனார். எதிரே பைலட் உடையில் அதே வாடிக்கையாளர்!

"பயப்படாதீங்க அண்ணே," என்று தோளைத் தட்டினார் அவர். "இதுல நானும் உள்ளே உக்காந்திருக்கேன்ல? உயிர்பயத்துல ஒழுங்கா ஓட்டிடுவேன்."