முக்கால் வயிறு

“என் திஷ்தாஷாவை எடு, அபு மிஷாரி. நான் வீட்டுக்குப் போறேன்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அபு ஜாசிம் எழுந்து உட்கார்ந்தார். கட்டில் முனகியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுக்கப்போகிறார்கள்.

அபு மிஷாரி கொக்கியில் தொங்கிய அந்த நீள வெள்ளை அங்கியைப் பார்த்தார். “இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் புகுந்தாலும் இன்னொருத்தனுக்கு இடம் இருக்கும். பேசாமப் படு.”

ஆண்கள் கூடி அரட்டையடிக்கும் சாயங்காலத் திவானியாவில் தினமும் பக்கத்தில் உட்காரும் நண்பர் அவர். ஒரு காலத்தில் இவரைவிடப் பருமன். இதே அறுவையைச் செய்துகொண்டு, இப்போது ஒட்டகம் ஓட்டும் குச்சி மாதிரி இருந்தார்.

“தையல் விட்டு உள்ளே கசிஞ்சா?”

“எப்பவாவது, யாருக்காவது நடக்கும். அதைப் பார்த்துக்கத்தானே இத்தனை பேர் இருக்காங்க.”

“கால்ல ரத்தம் கட்டிக்கிட்டா?”

“அன்னிக்கே எழுப்பி நடக்க விட்டுடுவாங்க. நீ நடந்து பல வருஷம் ஆச்சு, அதான் பயப்படுறே.”

“முடி கொட்டுமே?”

அபு மிஷாரி அவருடைய வழுக்கையைக் கனிவோடு பார்த்தார். “அந்தக் கவலை உனக்கெதுக்கு?”

அபு ஜாசிம் சிரித்துவிட்டார். அவர் நிறுத்திய பிறகும் தொப்பை கொஞ்ச நேரம் சிரித்தது. வாசலில் எட்டிப் பார்த்த நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பொய் சொல்லாம சொல்லு. ஏன்டா பண்ணிக்கிட்டோம்னு நினைச்சியா?”

“முதல் மாசம் நினைச்சேன். முழு ஆட்டைப் படுக்க வச்ச மச்பூஸ் சோத்துத் தட்டு முன்னாடி இருக்கு, நாலு வாயில கை கழுவுறேன். அழுகையே வந்துது. ஒரு வாய் கூடினா வாந்தி. சத்து மாத்திரை சாகுற வரைக்கும். ஆனா சர்க்கரைக்கு ஊசி போட்டே வருஷக்கணக்காச்சு. பேத்தியோட கடற்கரையில ஓடறேன். தோக்கறேன், அது வேற.”

“எனக்கு முட்டி தேறினாலே போதும்ப்பா. நின்னு வேலை பார்க்க முடியலை. ராத்திரி எனக்கு மூச்சு நின்னுடுச்சான்னு என் பொண்டாட்டி உம்மு ஜாசிம் தூங்காம பார்த்துக்கிட்டிருக்கா.” குரல் இறங்கியது. “ஆனா கத்தி வைக்கப்போறது சின்னப் பொண்ணு. அவ கை நடுங்காதுல்ல?”

கேரளத்து நர்ஸ் லிஜி சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “தியேட்டர் தயார். போகலாமா?”

அபு ஜாசிம் நண்பரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். “இன்னொரு தடவை சொல்லு. ஒண்ணும் ஆகாதுல்ல?”

அபு மிஷாரி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“இதே ரூம்ல நான் அழுதப்ப, ‘ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிக்கோ’ன்னு சொல்லிட்டு என் வயித்தை வெட்டினது நீதானே டாக்டர்? அந்தப் பொண்ணுக்குக் கத்தி பிடிக்கக் கத்துக்கொடுத்ததும் நீதான். அன்னிக்கு உன்னை நான் நம்பினேன். இன்னிக்கு நீயும் கொஞ்சம் நம்பேன்.”