காவலாளி ஏன் நகர்ந்தான்?

'சொன்னா வேலை போயிடும். சொல்லாம விட்டா நிலைச்சிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு?'

காலையிலிருந்து நாலாவது தடவையாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டபோது, தலைமைச் சோதனையாளர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னிக்காவது ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல சார்."

அவர் கையில் ஒரு கவர் இருந்தது. உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும். வேலைக்கு எடுத்துப் பார்க்கும் மூன்று மாதம் இன்றோடு முடிகிறது.

வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை என்றதும் அவள் தம்பிக்கு வயிறு எரிந்தது. "விளையாடறதுக்குச் சம்பளமா? கொடுத்து வச்சவக்கா நீ!" என்றான். வந்து பார்த்தால்தானே தெரியும்? கோட்டையின் ஒரே சுவரில் இருநூறு தடவை முட்ட வேண்டும். நடந்து முட்டி, ஓடி முட்டி, குதித்து முட்டி, ஒவ்வொரு முட்டலையும் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் எட்டு மாதக் குழந்தையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இங்கே சுவரோடு மல்லுக்கட்டினாள்.

மூன்று மாதத்தில் அவள் கண்டுபிடித்ததெல்லாம் அற்பப் பிழைகள். ஒரு பலகையில் எழுத்துத் தப்பு. ஒரு குதிரைக்கு நிழல் விழவில்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் அந்தக் காவலாளி நகர்ந்தான்.

கோட்டை வாசலில் ஈட்டியோடு நிற்பவன். அவனைச் சண்டையில் வீழ்த்தாமல் யாரும் உள்ளே போக முடியாது, விளையாட்டே அதுதான். அவனோ ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேலை முடிந்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து போய்விட்டான். கதவு திறந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் பதிவான படத்தில் எல்லாம் தெரிந்தது. அவள் என்னென்ன விசைகளை அழுத்தினாள் என்பது மட்டும் அதில் இல்லை.

புரோகிராம் எழுதிய பையனை எல்லாரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் வந்து நின்றான். "அக்கா, பத்து விரலையும் வச்சு அழுத்திப் பாத்துட்டேன். மலை மாதிரி நிக்கிறான். நீங்க என்னதான் பண்ணீங்க? மந்திரம் போட்டீங்களா?"

"பதினோரு நிமிஷம் அவன் எதிர்லயே நின்னிருக்கே," என்றார் தலைவர். "அவ்வளவு நேரம் என்ன பண்ணே?"

"கவனிச்சிட்டிருந்தேன் சார்."

"யாரை?"

"காவலாளியை."

தாடி சிரித்தான். "அன்னிக்கு உங்க கன்னம் தடிச்சுப் போயிருந்துச்சே, ஏதோ கடிச்சிருச்சுன்னு சொன்னீங்களே. அந்தக் கொசுவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்."

அவளும் சிரித்து வைத்தாள். பார்வை எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனது. வேலை நேரத்தில் செல்போன் கூடாது, தின்பண்டம் கூடாது, தூக்கம் கூடாது, அரட்டை கூடாது. மீறுகிறவர்கள் அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இங்க பாரும்மா. நாளைக்கு கேம் வெளிய போகுது. எப்படி வருதுன்னே தெரியாத பிழையைக் கட்டிக்கிட்டு நான் அழறேன். மேல இருக்கறவங்க உயிரை எடுக்கறாங்க. பிழையைப் பதிஞ்சவங்கதான் அந்தப் பதிவை மூட முடியும், நான் கை வைக்க முடியாது. 'மறுபடி வரவில்லை'ன்னு ஒரே ஒரு தட்டு தட்டு. இந்தா, உன் வேலை உத்தரவு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கவரை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"கேம் வாங்கறவங்க யாருக்காவது இதே பிழை வந்துட்டா சார்?"

"யாருக்கும்மா வரப்போகுது?"

வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளை மாதிரி எங்கேயாவது ஒருத்தி இருக்கத்தானே செய்வாள்.

மவுஸை நகர்த்தி அம்புக்குறியை 'மறுபடி வரவில்லை'யின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பழகிய கைதான். ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று வீட்டில் யார் கேட்டாலும் ஒண்ணுமில்ல. முடியலையா என்றால் அதெல்லாம் இல்ல. எத்தனையோ வருடமாக எத்தனையோ விஷயங்களை இப்படித்தான் ஒரு தட்டில் மூடியிருக்கிறாள். மூடியது எதுவும் சரியானதாக அவளுக்கு நினைவில்லை.

அதுவும் இது அவள் கண்டுபிடித்தது. இந்த மூன்று மாதத்தில் உருப்படியான ஒன்றே ஒன்று. அதை இல்லை என்று அவள் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள்.

கவரை எடுத்தாள். ஓரம் மடங்காமல் அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"மூட மாட்டேன் சார்."

"விளையாடாதேம்மா. மூடலைன்னா எப்படி வருதுன்னு எழுதணும். எழுதுவியா?"

"எழுதறேன்."

ஒரு வாரமாகக் காலியாகக் கிடந்த 'எப்படிச் செய்தால் வரும்?' என்ற கட்டத்தைத் திறந்தாள். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தாடி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்:

'1. கோட்டை வாசலில் காவலாளிக்கு எதிரே நிற்கவும்.

2. கீபோர்டின் மேல் இடது கன்னத்தை வைத்து, பதினோரு நிமிடம் தூங்கவும்.'