மலைப்பாதையில் ஒரு சிங்கம்

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தவருக்கு ஊரிலிருந்து மச்சினன் போன் செய்தான். அவருக்குப் பயண இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டும் அவன்தான்.

"அத்தான், உங்ககிட்ட பைக் லைசென்ஸ் இருக்கா?"

"கார் லைசென்ஸ்தான்பா இருக்கு."

"அப்ப ஒரு பைசா வராது. லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா கம்பெனி கையை விரிச்சிடும். நீங்க குடும்ப குரூப்ல போட்டோ வேற போட்டிருக்கீங்க."

போட்டிருந்தார். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சிவப்பு பைக்மேல் அவர். கீழே, 'மலைப்பாதையில் சீறியபோது சின்ன விபத்து. சிங்கம் மீண்டும் எழும்.' சொந்தபந்தம் மொத்தமும் அதற்குக் கைதட்டியிருந்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஓட்டவே இல்லப்பா. யாரோ நிறுத்தி வெச்சிருந்த வண்டி. போட்டோவுக்காக ஏறி உக்காந்தேன். இறங்கும்போது கால்மேல சாஞ்சிடுச்சு."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பணம் வந்துடும். ஆனா அந்தக் கம்பெனியில கிளைம் பாக்கறதே நம்ம சித்தப்பாதான். அவரும் குரூப்ல இருக்காரு. மொதல்ல அங்க உண்மையைப் போடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். முதல் பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"தெரியும் மாப்பிள்ளை. போட்டோவுலயே வண்டி ஸ்டாண்டு போட்டுத்தானே நிக்குது. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் எல்லாரும் கைதட்டினோம்."