கடைசி வீட்டுச் சோறு

தை அமாவாசையன்று ஊரில் ஒரு மொட்டைமாடி விடாமல் படையல் சோறு தின்று, அந்தக் காகத்துக்குக் கழுத்துவரை நிறைந்துவிட்டது. கடைசி வீட்டு மாடியில் ஒரு நிறைமாதக்காரி வெயிலில் நின்று, "கா... கா... வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காகம் வாய் வைக்காமல் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

"நீ அவளுக்கு அப்பாவா?" என்று கேட்டது, குளிருக்குப் பயந்து கடல் தாண்டி வந்திருந்த நாரை.

"செத்துப்போன அவ அப்பா என் உருவத்துல வர்றாராம், அண்ணே. நான் போன வருஷம் இந்த வேப்பமரத்துல பொரிஞ்சவன். இன்னும் ஒரு வாய் தின்னா வயிறு வெடிச்சிடும்."

"எங்க ஊர்ல பிள்ளையைக் கொண்டுவர்றதே நான்தான்னு சொல்லுவாங்க. ஒரு பிள்ளையையும் நான் தூக்கினதில்ல. ஆனா நான் கூரையில வந்து உட்கார்ந்தா அந்த வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கணுமே! அதுக்காகவே வருஷா வருஷம் போறேன்."

காகம் நாரையை அண்ணாந்து பார்த்தது. பிறகு சிரமப்பட்டுப் பறந்துபோய் ஒரு வாய் விழுங்கியது.

"அப்பா வந்துட்டார்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த காகம் சொன்னது: "தாத்தாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு, அண்ணே. பேரப்பிள்ளை உங்க பொறுப்பு. அந்த மாடியில கொஞ்சம் உட்கார்ந்துட்டு வாங்க."