இரண்டு பாட்டில் தண்ணீர்

இரண்டு பாட்டிலிலும் ஒரே தண்ணீர்தான். தண்ணீர் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் இளவரசிக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றில் 'தோணிரேவு, மேல்நிலைத் தொட்டி' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'தோணிரேவு, ஏரிக்கரை கைப்பம்பு'. சோதித்ததில் உப்பின் அளவு ஒன்றில் 182, இன்னொன்றில் 184.

ஏரிக்கரை கைப்பம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அப்படிக் கரிக்கும். அது எப்படி 184 ஆகும்?

கொண்டுவந்த தருமன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோணிரேவு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர்.

"அண்ணே, ரெண்டும் தொட்டியில புடிச்சதுதானே?"

தருமன் அசடு வழிந்தார். "கண்டுபுடிச்சிட்டியா? வெயிலு தாங்கலம்மா, கரை வரைக்கும் யாரு நடக்கறது? கைப்பம்புக்கு மட்டும் உப்பைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?"

"இன்னாண்ணே பேசற? ஊரு தண்ணி விஷயம் இது! எனக்கு இன்னா வந்துச்சோ அதத்தான் எழுதுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, பயமும் இருந்தது. அவள் வேலை ஒப்பந்த வேலை. ரிப்போர்ட்டைத் தப்பாக எழுதுகிறாள் என்று போன மாதம் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இருந்தாலும் இரண்டு ரிப்போர்ட்டையும் வந்தபடியே எழுதி, லேப் பொறுப்பாளர் தெய்வநாயகியின் மேஜையில் வைத்தாள்.

"மேடம், இது ஏமாத்து வேலை. அந்த ஆளைக் கூப்பிட்டுக் கண்டிங்க."

தெய்வநாயகி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தருமன், உள்ள வாங்க! பாஸ் பண்ணிட்டா!"

இளவரசி விழித்தாள்.

"ஒரே தண்ணிய உனக்குத் தெரியாம ரெண்டு பேர்ல குடுத்தா, உனக்கு ஒரே அளவு வருதான்னு பார்த்தேன். கூட்டி எழுதச் சொல்லிப் பாருங்கன்னு தருமன்கிட்ட சொன்னதும் நான்தான். இனிமே மாசாமாசம் லேப்ல எல்லாருக்கும் இந்தப் பரிட்சை உண்டு. உன் மேல வந்த புகாரை இன்னைக்கே மூடிடறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் எழுதிடறேன்."

இளவரசிக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "புகார் குடுத்த புண்ணியவான் யாரு மேடம்?"

தருமன் தலையைச் சொறிந்தார்.

"நான்தாம்மா. தொட்டித் தண்ணி கெட்டுப்போச்சுனு நீ எழுதின கோவத்துல குடுத்துட்டேன். அப்புறம் தோண்டிப் பாத்தா, பைப்பு ஒடஞ்சு சாக்கடை கலந்துனு கெடக்குது. உன் ரிப்போர்ட்டு இல்லனா எங்க புள்ளைங்க கதி இன்னா ஆயிருக்கும்?"

"அப்போ புகாரை வாபஸ் வாங்கியிருக்கலாமேண்ணே?"

"வாபஸ் வாங்கினா உன் மேல சந்தேகம் அப்படியேதான்மா நிக்கும். 'அந்தப் பொண்ணு வேலை சுத்தம்னு நாலு பேருக்குக் காட்ட வழி சொல்லுங்க'னு மேடம் கால்ல விழாத குறையா நின்னதே நான்தான்!"