கண்ணாடிக்கு உள்பக்கம்

ஆலை மேலாளர் அறையில் ஒரு பழைய திமிங்கல வேட்டைக் கப்பல் படம் தொங்கியது; அதில் ஒருவன் திமிங்கலத்தை நோக்கி ஈட்டியை ஓங்கி நின்றான். துப்புரவு வேலை பார்க்கும் அக்காதான் தினமும் அதன் கண்ணாடியைத் துடைப்பாள்.

அங்கேயே வேலை பார்த்த அவள் தம்பி, மேலாளர் சொன்னார் என்று கயிறில்லாமல் கூரையேறி, விழுந்து செத்தான். "குடிச்சிட்டு ஏறினான்," என்றார் மேலாளர், வாய் கூசாமல். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

மறுவாரம், படத்தில் ஈட்டியோடு நின்றவன் திமிங்கலத்தை விட்டு முகத்தைத் திருப்பினான். அடுத்த வாரம் ஈட்டியும் திரும்பி, மேலாளரின் நாற்காலிக்கு நேராக நின்றது. ஈட்டி முனை பட்ட இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கீறல் விழுந்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு நேரமா துடைக்கிற?" என்றார் மேலாளர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"உள்ளயும் அழுக்கா இருக்கு சார்."

சட்டத்திலிருந்து கண்ணாடியை மட்டும் பதமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.