சீமாட்டியின் வாசம்

புறாத் தூசிதான் மகள் பெனிட்டாவின் நுரையீரலை அரிக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே தேவயிரக்கம் மாடியிலிருந்த கூண்டை உடைத்தெறிந்தார். பந்தயத்தில் ஜெயித்த சீமாட்டி உட்பட எல்லாப் புறாக்களையும், பறந்து திரும்பி வராதபடி இறக்கையைக் கட்டி, அடுத்த தெருக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டார். மாடியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். கர்த்தரிடம் மன்றாடினார். பெனிட்டாவுக்கு இளைப்பு கூடிக்கொண்டேதான் போனது.

"வீட்ல இன்னும் ஏதாவது பறவை வச்சிருக்கீங்களா?" டாக்டர் எரிந்து விழுந்தார்.

"சத்தியமா ஒண்ணுகூட இல்ல சார்."

அது பொய்யில்லை. ஆனால் சாயங்காலம் தவறாமல் கூட்டாளி வீட்டுக்குப் போய், சீமாட்டியை நெஞ்சோடு அணைத்து அழுதுவிட்டு வருவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இன்றும் போய்விட்டுத்தான் வந்திருந்தார். மகளைச் சாய்த்து உட்காரவைக்கத் தலையணையைத் தூக்கினார். அடியில் அவருடைய அழுக்குச் சட்டைகள் சுருண்டு கிடந்தன. ஒன்றில் சாம்பல் நிறத் தூவி ஒட்டியிருந்தது.

"தூக்கிப் போட்டுடாதப்பா," என்றாள் பெனிட்டா, மூச்சு வாங்க. "அதுல சீமாட்டி வாசன வருது. மோந்தாதான் எனக்குத் தூக்கம் வருது."

அவர் பதறிப் பின்வாங்குவதற்குள், அவர் போட்டிருந்த சட்டையை இரண்டு கையாலும் இழுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.